கை எடுத்தாச்சா?

மனித மூளையே இவ்வுலகின் மகத்தான செல்வம், அதைக் காப்பதே தம் வாழ்நாள் தவம் என்று முதலாளி ஒலிபெருக்கியில் அறிவித்தார். அறிவித்த கையோடு, சலவைக்கூடத்துக்கு வாங்கிய முதல் தலைக்கவசத்தை, தலையில் அடிபட்டு இரண்டு மாதம் படுத்துக்கிடந்து திரும்பிய தொழிலாளிக்கே மாட்டிவிட்டார். அளவு சின்னது, காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாவிட்டால் பேச்சு நீளும்.

அது போன வாரக் கதை. இன்று விடியுமுன்பே கூடத்தில் ஆவி மண்டியிருந்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த விரிப்புகள் கொதிதொட்டியில் புரண்டன. பிளீச்சிங் நெடியில் கண் கரித்தது. ஈர விரிப்பு ஒவ்வொன்றும் தூங்குகிற பிள்ளையின் கனம் கனக்கும். அதை அள்ளி, சுழன்று பிழியும் டிரம்முக்குள் திணிப்பது அவள் வேலை. கை தோள்வரை உள்ளே போகும். டிரம்மை ஓட்டுவது அவள் புருஷன், அதாவது அந்தத் தலைக்கவசக்காரர்.

டிரம்முக்கு மூடி கிடையாது. அது என்றோ கழன்று விழுந்ததிலிருந்து மூடியின் வேலையையும் குரல்தான் பார்த்தது. ஓட்டுகிறவர் "கை எடு" என்பார். திணிக்கிறவர் "எடுத்தாச்சு" என்பார். அப்புறம்தான் பொத்தான். அந்தக் கூவலுக்காகவே அவருக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர் விழுந்தது.

மூட்டை தூக்கும் கொக்கி ஆடிவந்து வெண்கலத்தின் பின்மண்டையில் மோதியபோது ரத்தம் வரவில்லை. அதுவே வினையாயிற்று. ரத்தம் வராத அடி அடியே இல்லை என்பது முதலாளியின் வைத்திய ஞானம்.

வீட்டில் கூட இருந்தவளுக்குத் தெரியும். விளக்கைப் போட்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு எரிந்து விழுந்தார். குழாயில் தண்ணீர் கொட்டும்போது பேசினால் பேச்சு அவருக்கு எட்டவில்லை. வீட்டில் அதிர்ந்து பேசாத மனுஷன் ஒருநாள் கண்ணாடித் தம்ளரை அவள்மேல் வீசினார். சற்று நேரம் கழித்து, யார் உடைத்தது என்று கேட்டார். அவள் புருஷனைக் கண்டு பயந்தாள். பயப்படுகிறோமே என்று வெட்கப்பட்டு, யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முந்தாநாள் நடந்ததையும் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லுமுன்பே டிரம் சுழன்றுவிட்டது. கையை உருவிக்கொண்டாள், மேல்சட்டையின் கை மட்டும் உள்ளே போய்க் கந்தலாக வந்தது. "எடுத்தாச்சுன்னு சொன்னியே" என்றார் அவர். சத்தியமாக அப்படித்தான் அவர் காதில் விழுந்திருந்தது.

ஒரு வாரமாக மடிப்பிலும் டிரம்மிலும் மாறி மாறி நின்றவரை இன்று முதலாளி நேரில் வந்து சோதிக்கப்போகிறார். வெண்கலம் டிரம்மை ஓட்டிக்காட்டினால் ஆள் குணமானதாகக் கணக்கு. இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். தேறினால் அவள் கைக்கு ஆபத்து. தோற்றால் அவர் வேலைக்கு. விரிப்பு மூட்டைகளை ஏற்றிவரும் வண்டிக்காரரோ, அவள் பதில் சொன்னதும் தான் பின்னால் நின்று அவர் முதுகில் தட்டித் தேறவைத்துவிடுவதாகவும் அண்ணி கவலைப்படக் கூடாதென்றும் சொல்லியிருந்தார். அந்த ஆறுதலைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கவலை இன்னும் கூடியது.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வந்தார்.

"என்னப்பா, தலை எப்படி இருக்கு?"

வெண்கலம் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்குங்க" என்றார்.

"பாத்தீங்களா, தமாஷ்கூடப் பண்றான்" என்று முதலாளி மகிழ்ந்தார். தமாஷ் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் டிரம்முக்குள் குனிந்தாள். கொதிதொட்டி சீறியது, கொக்கி கிறீச்சிட்டது, முதலாளி பேசிக்கொண்டே இருந்தார். புருஷனின் கண்கள் அத்தனை சத்தத்துக்கும் நடுவே எதையோ தேடி அலைவதைக் கண்டாள்.

"கை எடு."

குரல் மட்டும் பழைய வெண்கலம்தான். அவள் கைகளை வெளியே எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். பதில் சொல்லவில்லை. வண்டிக்காரர் அவர் முதுகில் தட்டுமுன்பே டிரம் சுழன்றது.

"பேஷ்" என்றார் முதலாளி.

"நான் இன்னும் பதில் சொல்லலீங்க."

"கைதான் வெளியில இருக்கே?"

"இன்னைக்கு இருக்கு" என்றாள். முந்தாநாள் நடந்ததையும் சொல்லி முடித்தாள்.

வெண்கலம் பொத்தானைப் பார்த்தபடி நின்றார். இஸ்திரி போடும் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தேய்த்து முடித்த விரிப்பையே வெண்கலம் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார் என்றும், அவருக்குத் திட்டு விழக் கூடாதென்று தானும் திரும்பத் திரும்பத் தேய்த்ததாகவும் சொன்னாள். வண்டிக்காரரோ, தினமும் அவரைத் தான்தான் வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். அவருக்கு வழி தெரியவில்லையாம். ஆளுக்கொரு குறையை அன்பாக மறைத்தார்கள். அத்தனை மறைப்பும் சேர்ந்து முதலாளிக்கு வசதியான குணமாகிவிட்டிருந்தது.

"என் தம்பி கட்டடச் சாரத்துலேருந்து விழுந்து தலையில அடிபட்டப்பவும் இப்படித்தான் அண்ணி" என்றார் வண்டிக்காரர். "அது கோவம் இல்ல, களைப்பு. வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைக்கணும், களைக்கிறதுக்கு முன்னாடியே படுக்க வைக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க ஒண்ணுமே கேக்கலியே. வீட்டு விஷயம்னு நெனச்சேன்."

மடிப்பு மூலையில் சத்தமில்லை, அங்கே ஒரு நேரத்துக்கு ஒரு வேலையாகச் சொன்னால் அவர் தப்பே செய்வதில்லை என்றாள் அக்கா. இத்தனை நாளும் இதெல்லாம் வெண்கலத்தின் மனைவிக்குப் பத்தடி தூரத்திலேயே இருந்திருக்கிறது.

"இதென்ன, ஆளாளுக்கு டாக்டரா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. டாக்டர்கிட்ட சொல்றதுக்கு எங்ககிட்ட இவ்வளவு இருக்குன்னு இப்பதான் தெரியுது" என்றாள் அக்கா. "நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க. அண்ணனுக்கு மடிப்பு மூலையில வேலை குடுங்க. டிரம்முக்கு மூடி போடுங்க. அதுவரைக்கும் யாரும் அதுல கை விட மாட்டோம்."

கொதிதொட்டியை அணைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதலாளி பொறுப்பைப் பற்றிச் சற்று நேரம் பேசினார். கை தட்ட ஆளில்லாததால், யோசிக்கலாம் என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன யோசிப்பார் என்று யாருக்கும் தெரியாது.

ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று வெண்கலம் கேட்டார். அவள் சொன்னாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், வண்டிக்காரர் சொன்னார். மூன்றாவது முறை அக்கா, முதல்முறை சொல்வதுபோலவே நிதானமாகச் சொன்னாள். புருஷனைப் பற்றிய பயம் அவளுக்குப் போகவில்லை. ஆனால் பதில் சொல்ல இப்போது ஆள் இருந்தது.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மடித்து வைத்திருந்த சுத்தமான விரிப்புகளின் மேல். அத்தனையையும் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது.