பூனை மீசை விதைத்த படிகம்

ஆய்வுக்கூட இயக்குநர் அந்தப் படிகத்துக்கு வைத்த பெயர் "நம் வைரம்". தட்டின் ஒரு குழியில், ஒரு சொட்டு நீருக்குள், மணல் பொடியளவில் அது மின்னியது. மின்னிய அன்றே அதன் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார். தன் படத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே.

அதை வளர்த்தவள் முகத்தில் மட்டும் களை இல்லை. அதில் இருக்க வேண்டியது அவள் தம்பியின் நொதி. ரத்தத்தை உறைய வைக்க வேண்டிய அந்தப் புரதம் அவன் உடம்பில் ஓரிடம் மாறிப் பிறந்திருந்தது. சின்னக் கீறலும் அரைநாள் கசியும். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்; சட்டையில் சிவப்புப் புள்ளிகளைப் பார்க்கும் பிள்ளைகள் மை என்றே நினைத்தார்கள். நொதியைப் படிகமாக்கி எக்ஸ்ரேயில் காட்டினால்தான் கோளாறு எங்கே என்று தெரியும். செய்து வைத்த நொதியில் இன்னும் ஒரு தட்டுக்குத்தான் மிச்சம்.

"ஊசியால தொட்டுப் பாத்துடலாம் சார். கரைசல்ல போட்ட உப்பா இருந்தா?"

"வைரத்தை யாராவது குத்திப் பாப்பாங்களாம்மா? வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வராங்க."

வந்தார்கள். இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். "இது புரதம்தான்னு எப்படித் தெரியும்?" என்றார் ஒரு விருந்தாளி. தாராள மனதோடு இயக்குநர் கையசைத்தார்: "காட்டும்மா."

புரதப் படிகம் ஊசி பட்டால் ஓசையின்றிக் குழைந்துவிடும். இது 'டிக்' என்றது.

"உப்பு," என்றாள்.

"உயர்ந்த ரக உப்பு," என்றார் இயக்குநர்.

வீட்டில் தம்பி கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பூனை.

"மறுபடி கீறிடுச்சா?"

"அது பாவம். நான்தான் போய் நகத்துல மாட்டிக்கிட்டேன். ஏன் மூஞ்சி தொங்குது?"

பஞ்சைத் தான் வாங்கி அழுத்தியபடி சொன்னாள். இன்னொரு குழியில் தூசு மாதிரி ஏதோ இருந்தது. தொட்டால் மெத்தென்றது. அதுதான் நிஜப் புரதம், ஆனால் வளரவில்லை. அதைத் தொட்டுப் புதுச் சொட்டில் இழுத்தால் விதை போட்டாற்போல் வளரலாம். இழுக்க மெல்லிய முடி வேண்டும்.

"என்ன முடி?"

அவள் சுவரைப் பார்த்தாள். "பூனை மீசை."

மூன்று வருடமாக 'இந்தச் சனியனை வெளிய விடு' என்றவள் அவள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு எழுந்துபோய் ஒரு தீப்பெட்டி கொண்டுவந்தான். உதிர்ந்த மீசைகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்தான்.

கடைசித் தட்டில், மீசை போன தடத்திலேயே, பாசிமணி கோத்தாற்போல் படிகங்கள் வளர்ந்தன. ஒன்றைத் தொட்டாள். ஓசையே இல்லை. வரவேற்பறைச் சட்டத்துக்குள் படம் மாறியது. "நம் வைரம்" என்ற எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

எக்ஸ்ரே முடிவை ஒரு தாளில் வரைந்து தம்பியிடம் காட்டினாள். "இதுதான் நொதியோட வாய். இந்த மடிப்பு தளந்துபோய் வாய அடைச்சிக்கிட்டு நிக்குது."

"அப்ப என் ரத்தம் சோம்பேறி இல்ல?"

"இல்லடா. வழிதான் மறிச்சிருக்கு."

"மருந்து?"

"இன்னும் தெரியாது. எங்க தேடணும்னு தெரியும்."

அவன் தாளையே வெகுநேரம் பார்த்தான். அவள் குனிந்து, முதல் தடவையாக, பூனையின் தாடையைச் சொறிந்தாள். பழக்கமில்லாத மரியாதை, பூனை பிறாண்டிவிட்டது.

தம்பி பஞ்சோடு ஓடிவந்தான்.

"விடுடா, எனக்குத் தானா நின்னுடும்."

நின்றும்விட்டது, இரண்டே நிமிடத்தில். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கட்டும்," என்றான். அழுத்திய கையை எடுக்கவில்லை.