வட்டம் போட்ட இடம்

விமானத்தின் பின்பக்கச் சமையலறைக்கு முன்னால் தரைப்பலகைகளைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். பலகைக்குக் கீழே வெறும் குறுக்கு விட்டங்கள்தான். ஒரு விட்டத்தில் முழங்காலும் அடுத்த விட்டத்தில் முழங்கையுமாக, நடுவில் தொங்கும் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார் லென்ஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. விமானங்களைப் பழுதுபார்க்கும் அந்த ஹேங்கரில் அவர் லென்ஸ்தான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும். அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. விட்டங்களில் அரிப்போ விரிசலோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் முத்திரை குத்தினால்தான் பலகை மூடும், விமானம் கிளம்பும்.

பதினெட்டு வருஷமாகச் சமையலறையில் சிந்திய காபி, ஜூஸ், பக்கத்துக் கழிப்பறையிலிருந்து கசிந்த கண்ராவி எல்லாம் பலகை இடுக்கு வழியாக இறங்கி விட்டத்தின் தலையில் குடியேறியிருந்தன. பச்சைப் பெயிண்ட் கொப்பளித்து, உள்ளே அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. அரிப்பைச் சுரண்டி எடுத்து, மிச்சமிருக்கும் கனத்தை அளந்து, போதுமென்றால் பெயிண்ட் அடித்து மூடிவிடலாம். ஆனால் மூன்றாவது விட்டத்தில், ஒரு ரிவெட் ஆணித் துளையின் ஓரத்தில், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ஒரு கோடு தெரிந்தது. முடியில் பாதி கனம் இருக்கும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கமிருந்தும் பார்த்தார். கோடு அங்கேயேதான் இருந்தது. குறி போடும் மார்க்கரைத் தேடினால், அது எந்த விட்டத்துக்கு அடியில் உருண்டு போய்த் தொலைந்ததோ! சட்டைப் பையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி அழுத்தி ஒரு வட்டம் போட்டார். வேலைச் சீட்டில் எழுதலாம் என்று எழுந்திருக்கும்போதே கீழேயிருந்து குரல் வந்தது. மேனேஜர் உடனே கூப்பிடுகிறாராம்.

வேலை ஏன் தாமதமாகிறது என்பதைப் பற்றிக் கூட்டம். வேலை செய்கிறவர்களில் பாதிப் பேரை உட்கார வைத்து ஒன்றேகால் மணி நேரம் அதைப் பேசினார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் வட்டத்தைக் காணோம். மூன்றாவது விட்டம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. பக்கத்தில் அவருடைய மச்சினன் தேய்ப்பு மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். மனைவியின் ஒரே தம்பி. தகட்டு வேலை மெக்கானிக். நாலு பேர் எதிரில் 'சார்' என்பான், தனியாக இருந்தால் 'மாமா'.

"என்னடா இது?"

"அரிப்ப எடுத்துட்டேன் சார். கனமும் அளந்தாச்சு, லிமிட்டுக்குள்ளதான் இருக்கு."

"இங்க ஒரு வட்டம் போட்டிருந்தேனே?"

மச்சினன் வயரிலேயே கண்ணாக இருந்தான்.

"கையால தேய்னு சொன்னேனா, மெஷின் வச்சுத் தேய்னு சொன்னேனா?"

"சீக்கிரம் முடியட்டும்னுதான்..."

லென்ஸுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அலுமினியம் மெத்தென்ற உலோகம். கையால் தேய்த்தால் அரிப்பு மட்டும் போகும். மெஷின் தட்டை வைத்து அழுத்தினால், பிசைந்த மாவில் விழுந்த கீறலைக் கட்டைவிரலால் தடவி மூடுவது போல, மேல்தோல் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். விரிசல் உள்ளே சௌக்கியமாக இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

சிவப்புச் சாயத்தைப் பூசினார். ஊறவிட்டுத் துடைத்தார். மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். பத்து நிமிஷம் பார்த்தார், இருபது நிமிஷம் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ விமானத்தையே கவுக்கற விரிசலப் பாலிஷ் போட்டு மறைச்சிருக்க! உன்ன வேலைக்குச் சேர்த்துவிட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

சுற்றி நின்றவர்கள் தங்கள் தங்கள் வேலையை மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். மச்சினன் ஒரு துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான். இவனுக்கு எதைச் சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று லென்ஸ் பொருமினார். ஆறு மாதத்துக்கு முன்னால் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வேலைக்கு வந்தவன் இவன். பென்சில் கரி அலுமினியத்தில் பட்டு, கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால், அந்தக் கோட்டிலிருந்தே அரிப்பு ஆரம்பிக்கும். இந்தத் தொழிலில் அது அரிச்சுவடி. அன்றைக்கு ஹேங்கரே வேடிக்கை பார்க்க அந்தப் பென்சிலை ஒடித்துக் குப்பையில் போட்டு, 'இங்கே பென்சிலுக்கு இடமில்லை' என்று அவன் கையாலேயே அட்டையில் எழுத வைத்துச் சுவரில் ஒட்டவும் வைத்தார். அட்டை இன்னும் இருக்கிறது.

ஸ்டோருக்குப் போகும் வழியில் வீட்டுக்குப் போன் போட்டார். யாரிடமாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"உன் தம்பி இன்னைக்கு என் மானத்த வாங்கிட்டான்."

"என்ன பண்ணித் தொலைச்சான்?"

"அப்புறம் சொல்றேன். சொன்னா உனக்கும் பிரஷர் ஏறும்."

"வரட்டும், இன்னைக்கு அவனா நானான்னு பாத்துடறேன்" என்றாள் அவள். லென்ஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மூடிய விரிசலையும் கண்டுபிடிக்கும் மின்கருவி ஒன்று உண்டு. ஸ்டோர்காரர் அலமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். படித்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தார்.

"நேத்தோட தேதி முடிஞ்சிருச்சு சார். சரிபாக்க அனுப்பணும்."

"நேத்து வேலை செஞ்ச பெட்டி இன்னைக்குச் செய்யாதா?"

"செய்யும் சார். செல்லாது."

"சரி, ஆசிட்டையாவது குடுங்க." இழுபட்ட மேல்தோலை மட்டும் அரித்தெடுக்கும் மென்மையான ஆசிட் அது. தடவிக் கழுவினால் விரிசலின் வாய் மறுபடி திறக்கும்.

"அதுக்கு மேனேஜர் கையெழுத்து வேணும் சார்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டு மாடியேறினார். இங்கே சாமியும் கொடுப்பதாக இல்லை. மேனேஜர் அம்மாள் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"சாயத்துல ஏதாவது வந்துச்சா?"

"வரல மேடம்."

"கனம்?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் ஆசிட் எதுக்கு?"

"நான் கண்ணால பாத்தேன் மேடம்."

"போட்டோ இருக்கா? சீட்டுல எழுதினீங்களா?"

"எழுதப் போனப்பதான் நீங்க கூட்டத்துக்குக் கூப்பிட்டீங்க."

அவர் முகம் கறுத்தது. "நாளைக்குக் காலையில அந்த விமானம் போகணும். இல்லாத விரிசலுக்காக என்னால நிறுத்தி வைக்க முடியாது."

லென்ஸ் பையிலிருந்து தம் முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தார். "அப்ப வேற யாரையாவது குத்தச் சொல்லுங்க. நாளைக்கு இருநூறு பேர் அது மேல நடக்கப் போறாங்க. என் கை வராது."

மேனேஜர் முத்திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். லென்ஸ் மறுத்த இடத்தில் குத்துவதற்கு அந்த ஹேங்கரில் வேறு கை கிடையாது என்பது அவருக்கும் தெரியும். வெடுக்கென்று கையெழுத்துப் போட்டார். "ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது." லென்ஸ் முத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஆசிட்டை மச்சினன்தான் தடவினான். கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைக்குக் காயத்தில் மருந்து வைப்பதைப் போலத் தடவி, கழுவி, உலர்த்தினான். மறுபடி சாயம், மறுபடி துடைப்பு, மறுபடி வெள்ளைப் பொடி. மேனேஜரும் வந்து நின்றார். நான்காவது நிமிஷம் துளையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது. புள்ளி கோடாயிற்று. கோடு நீண்டு, லென்ஸ் காலையில் பார்த்த இடத்தையும் தாண்டி, விட்டத்தின் விளிம்பு வரை போய் நின்றது.

"எத்தனை நாள்?" என்று மேனேஜர் கேட்டார்.

"அந்தப் பகுதிய வெட்டி எடுத்துட்டுப் புதுத் துண்டு சேக்கணும். மூணு நாள்."

அவர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். லென்ஸுக்கு உள்ளுக்குள் ஜெயித்த சந்தோஷம் வரத்தான் செய்தது. ஆனால் காலையிலிருந்து பட்ட அலைச்சல் அந்தச் சந்தோஷத்தை ஐந்து நிமிஷத்தில் தின்றுவிட்டது. நேரே மேசைக்குப் போய் அறிக்கையை எழுதினார். 'விரிசல் மறைந்ததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அதில் 'மெக்கானிக்கின் அலட்சியம்' என்று எழுதி மச்சினனின் எண்ணையும் போட்டார். ஆறு மாதமாவது அவன் லைசென்ஸ் போகும். திரும்பி வருமா என்பது அவனவன் அதிர்ஷ்டம். சொந்தக்காரன் என்று விட்டுவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

விதிப்படி மெக்கானிக்கும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மச்சினனைக் கூப்பிட்டார். அவன் நின்றபடியே படித்தான். படித்துவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். லென்ஸுக்குத் தாங்கவில்லை.

"வாயத் திறந்து ஏதாவது சொல்லேன்டா! ஏன் மெஷின எடுத்த?"

மச்சினன் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தான். மஞ்சள் பென்சில், பின்பக்கம் முழுக்கப் பல் கடித்த தடம்.

"விட்டத்துக்குப் பக்கத்துல கெடந்துச்சு மாமா. பாப்பாவோடது. அந்தப் பென்சில் டப்பாவே நான் வாங்கிக் குடுத்ததுதான், பாத்ததும் தெரிஞ்சிருச்சு."

காலையில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தது லென்ஸுக்கு நினைவு வந்தது. விட்டத்தில் வட்டம் போட்டபோது கையில் இருந்தது என்ன என்று அவர் பார்க்கவே இல்லை.

"பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைச்சேன், போகல. அவ்வளவு அழுத்திப் போட்டிருந்தீங்க. கூட்டம் முடிஞ்சா மேடம் நேரா அங்கதான் வருவாங்க. பென்சில்னு தெரிஞ்சா..." அவன் சுவரில் இருந்த அட்டையைப் பார்க்காமல் இருக்க முயன்றான். "உங்களப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னுதான் மெஷின எடுத்தேன். அரிப்புக்காகத்தான் வட்டம் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன் மாமா. விரிசல்னு சத்தியமா தெரியாது."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"எல்லார் முன்னாடியுமா?"

லென்ஸ் நாற்காலியில் சாய்ந்தார். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியது இந்த வாய்தான். காலையிலிருந்து யார் யாரைத் திட்டினோம் என்று எண்ணிப் பார்த்தார். கூட்டம் போட்டவரை, ஸ்டோர்காரரை, பெட்டியின் தேதியை, இவனை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அறிக்கையில் எதையும் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தி எழுத வேண்டும். எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

"மாமா, வேணாம். எனக்கு ஆறு மாசத்தோட போயிடும். உங்களுக்குன்னா முத்திரையே போயிடும்."

"சும்மா இருடா."

'பரிசோதகர் விதியை மீறிப் பென்சிலால் குறியிட்டார். அந்தக் குறியை அகற்ற மெக்கானிக் மெஷினைப் பயன்படுத்தினார்' என்று எழுதினார். முதலில் தம் எண், பிறகு அவன் எண். முத்திரையை எடுத்துக் குத்தினார்.

போன் அடித்தது. மனைவி.

"எங்க அவன்? பக்கத்துல இருந்தா குடுங்க, ரெண்டு வார்த்த நல்லா கேக்கணும். அப்படி என்னதான் பண்ணினான்?"

எதிரே மச்சினன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"அவன ஒண்ணும் கேக்காத" என்றார் லென்ஸ். "தப்பு என்னோடது."

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றாள் பயந்த குரலில். "உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

மச்சினனைப் பார்த்துக்கொண்டே லென்ஸ் அதை இன்னொரு தரம் சொன்னார், இந்த முறை ஹேங்கருக்கே கேட்கும்படி.