அழித்தவளின் பெயர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. நைரோபியில், என் வீட்டுக்குக் கீழே இருக்கும் தேநீர்க் கடையில் மும்புவா சொன்னது. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவன் நான். அதனால் முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனியில் ரயில் புறப்பட்டபோது அவள் திரும்பிப் பார்க்

(ரயிலும் இல்லை, பனியும் இல்லை. நெரிசலான மினிபஸ்ஸில் வந்து இறங்கினாள்.)

2

மும்புவா மென்பொருள் எழுதுகிறவள். முன்பு ஒரு பேருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, சோதனைக்கான தரவுத்தளம் என்று நினைத்து உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டாள். திரையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஜன்னல்கள். அழிக்கும் கட்டளையைத் தட்டியது தப்பான ஜன்னலில். அன்று காலை யாருக்கும் பயணச்சீட்டு இல்லை. அவளுக்கு வேலை இல்லை.

இப்போது கிப்தனுய், கணினி மாநாடுகளில் கைதட்டல் வாங்கும் பெரிய ஆள், அவளை வைத்து ஒரு புத்தகம் எழுதுகிறார். அதாவது, கூலிக்கு அவள் எழுதுகிறாள். அதில் உயிருள்ள அத்தியாயம் அந்தக் காலையைப் பற்றியதுதான். 'நான் அழித்தேன்' என்று தொடங்குகிறது.

3

"அட்டையில ரெண்டு பேரையும் போடலாம், எனக்கொண்ணும் இல்ல." கிப்தனுய் மண்டாசிப் பணியாரத்தைத் தேநீரில் முக்கினார். "இல்லன்னா, என் பேரு மட்டும் போட்டுட்டு நீ வாயத் திறக்காம இருக்கலாம். யோசிச்சுக்கோ. ரெண்டு பேரு இருந்தா, அழிச்ச 'நான்' யாருன்னு ஊரே கேக்கும்."

"நான்தான் பாஸ்."

"அதத்தான் சொல்றேன். அப்புறம் உன்ன எவன் வேலைக்கு எடுப்பான்?"

"நீங்க அழிச்சதா இருந்தா?"

"என்னய மேடைக்குக் கூப்பிடுவாங்க. போன வாரமே ஒரு கூட்டத்துல சொல்லிப் பாத்தேன். எழுந்து நின்னு கைதட்டுனாங்க!"

"எந்த இடத்துல சிரிச்சாங்க?"

"அந்த ரெண்டு ஜன்னல் வருதே, அங்க."

"அங்கதான் நான் வாந்தி எடுத்தேன் பாஸ்."

"அடடே, அத எழுதலையே நீ! சேத்துக்கோ, நல்லா இருக்கும்."

4

கிப்தனுயை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசை கொடுத்தேன், எடுத்தேன்.* வில்லன் நிற்கவில்லை. அவர் சொல்வது உண்மை, அதுதான் கசக்கிறது. அதே பிழை அவர் வாயில் அனுபவம். அவள் வாயில் தகுதிக் குறைவு.

சரி, முடிவுகள்.

அ) இரண்டு பெயர்களோடு புத்தகம் வருகிறது. நேர்காணலுக்குப் போகிற இடமெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள்.

ஆ) ஒரே பெயர். அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் பிழைக்குத் தானே கைதட்டுகிறாள்.

இ) அந்த அத்தியாயத்தையே உருவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அதன் பிறகு அவள்

(இது என் ஆசை. அவளுக்கு வீட்டு வாடகை இருக்கிறது.)

* நேரில் அவருக்கு மீசை கிடையாது.

5

மூன்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இந்தக் கதைக்கு மேல யாரு பேரு?" என்றாள்.

"என் பேருதான். உன் பேர மும்புவான்னு மாத்திட்டேன். உனக்குத் தொந்தரவு வரக்கூடாதில்ல."

"அவரும் என் நல்லதுக்குன்னுதான் சொன்னாரு," என்று சிரித்தாள்.

கிப்தனுயிடம் என்ன பதில் சொன்னாள் என்பதையும் அன்று சொன்னாள். அதை மட்டும் எழுதக்கூடாது என்றாள். எழுதவில்லை.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளலாம். இங்கே யாரும் கேட்கப்போவதில்லை.