ராஜதுரையின் ஒரே சொல்

குன்னத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஜெயசித்ரா பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று கரும்பலகையில் மூளையை வரைந்து பாகங்களைக் குறித்தாள். யோசிப்பதும் பேசுவதும் பெருமூளை. தள்ளாடாமல் நடக்க வைப்பது சிறுமூளை. மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் முகுளம். மூளையின் இடது பாதி உடம்பின் வலப்பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்த இடது பாதியில்தான்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து பூவிழி எழுந்தாள்.

"மிஸ், வேணும்னு சொல்றதும் வேணாம்னு சொல்றதும் ஒரே எடத்துலேருந்தா வருது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்ததும் வந்து பார்க்கச் சொன்னாள்.

மணி அடித்ததும் பூவிழி மேசையருகே வந்து விஷயத்தைச் சொன்னாள். ஐப்பசியில் மக்காச்சோளக் கொல்லையில் மருந்தடித்துக்கொண்டிருந்த அவள் அப்பா ராஜதுரை சுருண்டு விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சில் மிஞ்சியது 'இல்ல' என்ற ஒரு சொல்தான்.

"சாப்புடுறியாப்பான்னா இல்லம்பாரு மிஸ். தட்டை வச்சா சாப்புட்டுருவாரு. நீங்க குடுத்த அரியலூர் ஸ்கூல் ஃபாரத்தைக் காட்டுனேன். அதுக்கும் இல்லன்னாரு. அம்மா மடிச்சு உள்ள வச்சிட்டாங்க."

அது பதினோராம் வகுப்புக்கு, விடுதியோடு கூடிய பள்ளி. பெற்றவர் சம்மதம் வேண்டும்.

சனிக்கிழமை ஜெயசித்ரா வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் பூவிழியின் அம்மா பொன்னுத்தாய் சின்ன வெங்காயத்தைக் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். அவரு வேணாம்னுட்டாரு. இத்தினி வருசமா அவரு பேச்சை மீறுனதில்ல. படுத்துட்டாருன்னு இப்ப மீறலாமுங்களா?"

"அவர் இல்லங்குறது வேணாம்னு அர்த்தமில்லீங்க. நாம பேசுறது அவருக்குப் புரியுது போலிருக்கு. ஆனா வாயில அது ஒண்ணுதான் வருது."

பொன்னுத்தாய் யோசித்தாள். "சரிங்க. நெசமாவே வேணாம்னு நெனச்சா என்ன சொல்லுவாரு?"

"அதுக்கும் இல்லன்னுதான்..."

சொல்லும்போதே ஜெயசித்ராவுக்குக் குழம்பியது.

பொன்னுத்தாய் அவளை உள்ளே கூட்டிப்போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த ராஜதுரை ஜெயசித்ராவைப் பார்த்து இடது கையால் கும்பிடுவதுபோல் செய்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாயால சொல்ல வேணாங்க. சரின்னா கையைத் தூக்குங்க. உங்க பேரு ராஜதுரையா?"

"இல்ல," என்றபடி கையைத் தூக்கினார்.

அவளுக்குத் தெம்பு வந்தது. அடுத்து வேண்டுமென்றே தப்பான பெயரைச் சொல்லிக் கேட்டாள். "உங்க பேரு வைத்திலிங்கமா?"

கை மறுபடியும் எழுந்தது. பாதியில் நின்றது. அவர் தன் கையையே பார்த்தார். பிறகு மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. ஜெயசித்ரா அதற்குமேல் சோதிக்கவில்லை.

பூவிழி படிவத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். மை டப்பாவையும் வைத்தாள்.

"அப்பா, நான் போவட்டுமா?"

"இல்ல," என்றார். காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். இடது கட்டைவிரலை அவரே மையில் அழுத்தி, "இல்ல, இல்ல," என்று சொல்லிக்கொண்டே பதித்தார். கையெழுத்துக்கான கட்டத்தில் அல்ல, பூவிழி என்று எழுதியிருந்த பெயரின் மேல்.

மூவரும் அந்த ரேகையையே பார்த்தார்கள்.

"இது 'போ'ன்னு சொல்றதா, புடிச்சு வச்சிக்கிறதா டீச்சர்?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

"தெரியலீங்க," என்றாள் ஜெயசித்ரா. அதுதான் உண்மை.

பொன்னுத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பெத்தவ நானும் இருக்கேன்ல. எங்க போடணும், காட்டுங்க." எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டாள். பேனாவை வைத்ததும் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூனில் பூவிழிக்கு இடம் கிடைத்தது. கிளம்பிய அன்று ராஜதுரை கோலை ஊன்றிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தார். அரியலூர் பஸ் நின்றதும் கோலைக் கீழே விட்டுவிட்டு அவள் பையைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பூவிழி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஏறினாள்.

மறுவாரம் பொன்னுத்தாய் ஜெயசித்ராவுக்கு போன் செய்தாள்.

"அவ போன அன்னிக்கு மத்தியானம் மறுசோறு வாங்கி சாப்புட்டாருங்க. சாயந்தரம் ஒரு மூச்சு அழுதாரு. எதை வச்சி எதைப் புரிஞ்சிக்கிறது, சொல்லுங்க."

"ரெண்டும் இருக்கலாங்க," என்றாள் ஜெயசித்ரா.

"இருக்கும் இருக்கும்," என்றாள் பொன்னுத்தாய். "நானும் அப்படித்தான் இருக்கேன்."