கூடமாட ஒத்தாசைக்கு

பதினொரு வருடத்தில் முதல்முறையாகப் பட்டறைக்குள் அவன் அவளை "அக்கா" என்று சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் அவளைப் பார்த்து இல்லை, தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளரைப் பார்த்து.

"இவங்க என் கூடப்பிறந்த அக்கா சார். வேலைக்கு வர்றவங்க இல்ல. வீட்டுல பொழுது போகலைன்னு சும்மா கூடமாட ஒத்தாசைக்கு வருவாங்க."

அட்டை வெட்டும் இயந்திரம் அவளுடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கத்திக்கு முன்னால் இருக்கவேண்டிய தடுப்பை, வேலை மெதுவாகிறது என்று கழற்றி மூலையில் போட்டவன் இந்தத் தம்பிதான். பொழுது போகாமல் வந்தாளாம்! ஐந்து நிமிடம் தாமதமானாலும் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவள். முதல் நாள் வாய்தவறித் "தம்பி" என்றதற்கே, "இங்க முதலாளின்னு கூப்பிடு" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னவன் அவன்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "சொந்தக்காரங்க உதவிக்கு வந்தா அது சட்டத்துல வராதும்மா. வேலையாளா இருந்தாத்தான் வைத்தியச் செலவு, நஷ்டஈடு எல்லாம். அவர் சொல்றது நெசமா?"

"சொல்லுக்கா," தம்பி பல்லைக் காட்டினான். "வீட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுக்காத."

இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு இவன் புத்தி தெரியாதா? தெரிந்துதான் தயாராக வந்திருந்தாள். இடக்கையால் பைக்குள் துழாவி, நாலாய் மடித்த தாளை எடுத்து நீட்டினாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின லீவ் லெட்டர் சார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு முதலாளி கேட்டு வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தது."

ஆய்வாளர் சத்தமாகப் படித்தார். "என் தந்தை இறந்துவிட்டதால் மூன்று நாள் விடுப்பு..." நிறுத்தித் தம்பியை ஏறிட்டுப் பார்த்தார். "இவங்க அப்பான்னா, உங்களுக்கு யாருங்க?"



தாளின் அடியில் பட்டறை முத்திரை. அதன்மேல் சிவப்பு மையில் அவன் கையெழுத்து: "ஒரு நாள் மட்டும்."

ஆய்வாளர் மறுபடி பேனாவைத் திறந்தார். "எத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறீங்கம்மா?"

"பதினொரு வருஷம் சார்," என்றாள் அவள். "அந்த ஒரு நாள் போக."