எலும்பில்லாத தட்டு

பதினோரு வருஷம் கழித்து, மலையூரான நாரினில் தன் பள்ளித் தோழர்கள் மாதாமாதம் கூடும் விருந்துக்குப் புருல் வந்திருந்தாள். தைரியம் தந்தது ஒரு மாத்திரை.

"ஒருத்தர் முகம் சுளிச்சா மத்தவங்களுக்கு முள்ளு குத்தின மாதிரி இருக்கும். உங்களுக்குக் கொதிக்கிற எண்ணெய் தெறிச்ச மாதிரி இருக்கு. மூளையில ஊறுற ரசாயனம் அப்படி, உங்க குணம் இல்ல" என்று தலைநகர் பிஷ்கெக்கின் டாக்டர் சொல்லியிருந்தார். நாலு மாதமாக எரிச்சல் இல்லை. மாத்திரையைத் தொடர்வதா என்று அடுத்த வாரம் அவரிடம் சொல்ல வேண்டும்.

கலிஸ் ஆட்டுக்கறித் தட்டுகளைக் கொண்டுவந்தான். எப்போதும் பங்கு போடுகிறவன் அவன்தான். மரியாதைக்கு ஏற்றபடி ஒவ்வொருவருக்கும் ஒரு எலும்பு. தொடை எலும்பு பெரிய மரியாதை; மெலிந்த விலா என்றாலும் அது அவரவர் பங்கு. இத்தனை வருஷமும் ஏழு பேருக்கே வெட்டிப் பழகிய கை, இன்றும் ஏழே வெட்டியிருந்தது. புருலின் தட்டில் வெறும் கறித் துண்டுகள்.

மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன. பதினோரு வருஷத்துக்கு முன் தொடை எலும்புக்குப் பதில் விலா வந்ததற்கே எழுந்து ஊரை விட்டே போனவள் அவள். இன்று அதுவுமில்லை.

புருல் பழைய எரிச்சலைத் தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"கறி நல்லா வெந்திருக்கு" என்றாள்.

கலிஸ் மூச்சு விட்டான். "பட்டணத்துல என்னத்தச் சாப்பிட்டு இப்படிச் சாந்தமாயிட்ட நீ? என் பொண்டாட்டிக்கும் ரெண்டு வாங்கிட்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். விருந்து வைத்த சோனுன், பள்ளியில் புருலோடு ஒரே பெஞ்சில் பத்து வருஷம் உட்கார்ந்தவள், தன் தொடை எலும்பை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். அந்தக் காலத்தில் சோனுனின் ஒரு சிரிப்பே புருலுக்கு ஒரு பனிக்காலம் முழுக்கப் போதும். வகுப்பறையின் நிலக்கரி அடுப்பு, ஒரே ஜோடி கையுறையை ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு நடந்த சாலை, எல்லாம் நினைவுக்கு வந்தன; யாரோ ஒருவரின் புகைப்படங்களைப் போல வந்தன. பிறகு பள்ளியின் கடைசி நாள் பாட்டைப் பாடினார்கள். எல்லார் கண்ணும் கலங்கியது. புருலின் கண் கலங்கவில்லை.

முற்றத்தில் தேநீர் கொதிக்கும் சமோவாருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த சோனுனிடம் போய் நின்றாள்.

"அன்னிக்கு நான் ஓடினப்ப பாலம் வரைக்கும் வந்து கையைப் பிடிச்சியேடி."

"நீதான் உதறிட்டுப் போயிட்டியே."

"போனேன். ஆனா பிஷ்கெக் போய்ச் சேர்ற வரைக்கும் அந்தக் கை சூடாவே இருந்துது. இன்னிக்கு நீ எலும்பு வச்சப்ப ஒண்ணுமே தெரியல, சோனுன். வலியும் அந்தச் சூடும் ஒரே ஊத்துலேர்ந்து வருதாம். மாத்திரை ரெண்டையும் சேர்த்து அடைச்சிருச்சு."

சோனுன் புகையில் கண்ணைச் சுருக்கினாள். "அப்ப என்ன பண்ணப் போற?"

"அளவைக் குறைக்க முடியுமான்னு டாக்டரைக் கேக்கப் போறேன். குறைச்சா மறுபடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஓடுவேன். பின்னாடி வருவியா?"

"வர்றேன். முட்டி போயிருச்சு எனக்கு. கொஞ்சம் மெதுவா ஓடு."