ஞாயிறு வகுப்புக்கு வந்த ஒரே ஆள்

"வீடியோவை அனுப்பிப்போட்டு நீங்கள் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிக்கிறதுக்கா டீச்சர், பிள்ளையைச் சேர்த்தனான்?" என்று லைலா தொலைபேசியில் கத்தினா.

"வீடியோவைப் பார்த்திட்டு ஞாயிறு சூமில சந்தேகம் கேட்கட்டும். ஒருத்தரும் வராட்டி, பழையபடி முழுக்க சூமிலேயே படிப்பிக்கிறன்!" என்று சனூஸாவும் கத்தினா.

சொன்ன பிறகுதான் யோசித்தா. பழையபடி என்றால், சிக்னல் கிடைக்கிற நேரம் வீடியோவை இறக்கிப் படிக்கிற சம்பூர்க் கிராமத்துப் பிள்ளைகள் வகுப்பை விட்டுவிடுவார்கள்.

ஞாயிறு பத்து மணிக்குத் திரையில் சனூஸாவின் முகம் மட்டும். பத்தேகாலுக்கும் அதே முகம்தான். முக்காட்டை மூன்று தரம் சரிசெய்தாச்சு. பத்தரைக்கு ஒரு ஆள் வந்தது. பார்த்தால், லைலா!

"மகள் நித்திரை, டீச்சர். வீடியோவில அந்த மூன்றாம் கணக்கை நாலு தரம் பார்த்தனான், விளங்கேல்லை."

வந்தது வந்ததுதானே! சனூஸா மூச்சு விட்டா. வீடியோ வகுப்பு தப்பியது.

அடுத்த வருசம் கணக்குச் சோதனை எழுத விண்ணப்பம் போட்டது லைலாதான், மகள் இல்லை. மகள் பிறகு மூதூரில் கலியாணம் முடித்துப் போனா.